முழங்காலுக்கும் பாதத்துக்கும் இயலாமை ஓய்வூதியம்: அல்சூரின் ஓர் ஆலோசனை அலுவலகம் பற்றி

பெங்களூரு அல்சூர் பகுதியில், ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர்களுக்கு இயலாமை ஓய்வூதியக் கோரிக்கைகளைத் தயாரித்துக் கொடுக்கும் ஓர் ஆலோசனை அலுவலகத்தைப் பற்றி இங்கே எழுதுகிறேன். ஓய்வு பெற்ற சுபேதார் ஒருவரும் வழக்கறிஞர் ஒருவரும் சேர்ந்து அதை நடத்துகிறார்கள். நிறைகளோடு குறைகளையும் எழுதவிருப்பதால் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். அல்சூரிலும் மர்ஃபி டவுனிலும் குடியிருக்கும் பழைய சாப்பர் (ராணுவப் பொறியியல் படையினர்) குடும்பங்களை விசாரித்தால் இடம் தெரிந்துவிடும். என் அப்பாவின் இடது முழங்காலுக்கும் வலது குதிகாலுக்குமாக நாங்கள் அவர்களிடம் போனோம். டிஸபிலிட்டி பென்ஷன் என்று எல்லோரும் சொல்லும் இந்த விஷயத்தில், கால் சம்பந்தப்பட்ட கோரிக்கைகளை அவர்கள் எப்படிக் கையாளுகிறார்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். குடும்ப ஓய்வூதியத்துக்கும் அவர்கள் மனு எழுதுகிறார்கள். அதில் எனக்கு அனுபவம் இல்லை.

அப்பா 1997-இல் மெட்ராஸ் எஞ்சினியர் குரூப் என்னும் ராணுவப் பொறியியல் படைப்பிரிவில் சேர்ந்து, 24 ஆண்டுகள் பணி முடித்து, 2021-இல் ஹவில்தாராக ஓய்வு பெற்றார். வெளியேறுவதற்கு முன் நடந்த ரிலீஸ் மெடிக்கல் போர்டு இடது முழங்கால் மூட்டுத் தேய்மானத்துக்கு ஆயுள் முழுவதற்குமாக 20 சதவீதமும், வலது குதிகாலில் இருந்த பிளான்டார் ஃபேசியைட்டிஸ் என்னும் பாதத் தசைநார் அழற்சிக்கு 5 சதவீதமும் போட்டது. இரண்டுக்கும் எதிரே, பணியால் ஏற்பட்டதும் அல்ல, பணியால் மோசமானதும் அல்ல என்று எழுதிவிட்டார்கள். ராணுவத்தினர் ‘நானா’ என்று சுருக்கிச் சொல்லும் இந்த முடிவு வந்துவிட்டால், சதவீதம் எவ்வளவு இருந்தாலும் ஒரு ரூபாய்கூடக் கிடைக்காது. பணியோடு தொடர்பு இருக்க வேண்டும், இயலாமை 20 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்னும் இரண்டு நிபந்தனைகளும் சேர்ந்து நிறைவேறினால்தான் பணம். அப்பாவின் முழங்கால் இரண்டாவதில் தேறி முதலாவதில் தோற்றது. குதிகால் இரண்டிலுமே தோற்றது.

அந்த அலுவலகத்தில் எனக்கு முதலில் நம்பிக்கை தந்தது சுபேதார் காகிதங்களைப் படித்த முறை. அப்பா வலியை விவரிக்கத் தொடங்கியதும், “தம்பி, வலிய அப்புறம் கேக்கறேன், மொதல்ல பேப்பர எடுங்க” என்றார். டிரங்குப் பெட்டியிலிருந்து கொண்டுபோயிருந்த தாள்களைத் தேதிவாரியாக மேசையில் பரப்பினார். ஆளெடுப்பின்போது எழுதிய மருத்துவப் பரிசோதனை அறிக்கை, ராணுவ மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சீட்டு, மருத்துவத் தகுதியைக் குறைத்தும் உயர்த்தியும் எழுதிய ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப். 15 படிவங்கள், கடைசியாக ரிலீஸ் போர்டின் ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப். 16 படிவம். நடுவில் இரண்டு தாள்கள் இல்லை என்பதை அவரே கண்டுபிடித்தார். அவற்றைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர் இணைத்து, பணிப் பதிவுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸிடம் கேட்கும் விண்ணப்பத்தை அங்கேயே எழுதிக் கொடுத்தார். அந்த விண்ணப்பத்துக்குக் கட்டணம் வாங்கவில்லை.

அப்பாவின் முழங்கால் 2009-இல், போர்முனை அல்லாத பீஸ் ஸ்டேஷன் ஒன்றில், பாலம் அமைக்கும் பயிற்சியின்போது திருகிக்கொண்டது. பெய்லி பாலத்தின் ஒரு பேனல் சுமார் 260 கிலோ எடை. ஆறு பேர் சேர்ந்துதான் தூக்குவார்கள். ஈரமண்ணில் ஒருவர் கால் வழுக்கினால் பாரம் மற்றவர்கள் மீது இறங்கும். அன்றைக்கே அப்பா உடம்பு சரியில்லை என்று சிக் ரிப்போர்ட் செய்யவில்லை. வீக்கம் அதிகமான பிறகுதான் மருத்துவமனைக்குப் போனார். அதனால், பணியில் அடிபட்டால் நிரப்ப வேண்டிய ஐ.ஏ.எஃப்.ஒய். 2006 என்னும் காய அறிக்கை எழுதப்படவே இல்லை. வலியைச் சொல்லிக்கொண்டு வரிசையை விட்டு விலகுவது குறைச்சல் என்று நினைத்த தலைமுறை அவருடையது. முழங்கால் கோரிக்கைகளில் பாதிக்கு மேல் இப்படி ஒரு தாள் இல்லாததால்தான் சிக்கிக்கொள்கின்றன என்று சுபேதார் சொன்னதை நான் முழுமையாக நம்புகிறேன்.

இந்த இடத்தில் வேறொருவராக இருந்திருந்தால், 2009-இல் அடிபட்டது, ஆகவே பணியால் ஏற்பட்ட குறைபாடு என்று மட்டும் எழுதி அனுப்பியிருப்பார். காய அறிக்கை இல்லாத அந்த வாதம் ரெக்கார்ட் ஆபீஸ் மேசையைக் கூடத் தாண்டியிருக்காது. சுபேதார் கண்ணில் பட்டது வேறு ஒன்று. அடிபட்ட பிறகு அப்பாவைத் தற்காலிகமாகக் குறைந்த மருத்துவத் தகுதியில் வைத்து, சிகிச்சை கொடுத்து, பிறகு மறுபரிசோதனையில் ஷேப்-1 என்று எழுதிவிட்டிருந்தார்கள். ராணுவம் உடல்தகுதியை அளக்கும் ஷேப் (SHAPE) மதிப்பீட்டில் ‘ஏ’ என்னும் எழுத்து கைகால்களைக் குறிக்கும். அது 1 என்றால் எந்தக் கட்டுப்பாடும் இன்றி எல்லா வேலைக்கும் தகுதி என்று பொருள். அதற்குப் பிறகு லடாக்கில் ஃபீல்ட் பணி என்னும் களப் பணி. அங்கிருந்து திரும்பிய பின் 2016-இல் அதே முழங்காலுக்கு நிரந்தரமாகத் தகுதி குறைக்கப்பட்டது. “ராணுவமே நல்ல முட்டின்னு கையெழுத்துப் போட்டு மலைமேல அனுப்பியிருக்கு. எறங்கி வரும்போது அது நல்ல முட்டியா இல்ல. நடுவுல என்ன நடந்ததுன்னு அவங்கதான் சொல்லணும்” என்றார். மனு முழுவதும் இந்த இடைவெளியின் மீதுதான் கட்டப்பட்டது. ஷேப்-1 எழுதிய தேதி, லடாக்கில் சேர்ந்த தேதி, அங்கே செய்த வேலையின் தன்மை, மறுபடி மருத்துவமனையில் சேர்ந்த தேதி என்று நான்கு வரிகளில் ஓர் அட்டவணை. அதற்குக் கீழே வாதம்.

பணியால் ஏற்பட்டது என்று கோராமல், பணியால் மோசமானது என்று கோரியதில் அப்பாவுக்கு முதலில் உடன்பாடு இல்லை. அடிபட்டது பாரம் தூக்கும்போதுதானே, அதை ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது அவருடைய மனத்தாங்கல். இரண்டுக்கும் கிடைக்கும் இயலாமைத் தொகை ஒன்றுதான், நிரூபிக்கக்கூடியதைக் கேட்பதே சரி என்று சுபேதார் பொறுமையாக எடுத்துச் சொன்னார். அப்பாவின் மனம் ஆறுவதற்காக 2009 நிகழ்ச்சியும் ஒரு பத்தியாக மனுவில் சேர்ந்தது. ஒரு சிப்பாயின் மரியாதையையும் வழக்கின் தேவையையும் சேர்த்து யோசிக்கத் தெரிந்தவர் எழுதிய மனு அது.

சட்டப் பகுதியை வழக்கறிஞர் எழுதினார். போர்டு தன் முடிவுக்குச் சொன்ன ஒரே காரணம், குறைபாடு பீஸ் ஸ்டேஷனில் தொடங்கியது என்பதுதான். குறைபாட்டுக்கான காரணம் ஃபீல்ட் பகுதியில் நேர்ந்ததா, சாதாரண அமைதிக்காலச் சூழலில் நேர்ந்ததா என்பது பொருட்டல்ல என்று 1983-ஆம் ஆண்டின் ராணுவ மருத்துவப் பணி ஒழுங்குமுறைகளின் 423-ஆம் பத்தி சொல்கிறது. அந்தப் பத்தியை வழக்கறிஞர் அப்படியே எடுத்துக் காட்டியிருந்தார். அடுத்து, 2013 ஜூலையில் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு. பணியில் சேரும்போது ஒரு குறை பதிவாகவில்லை என்றால், அவர் நல்ல உடல்நிலையில் சேர்ந்தார் என்றே கொள்ள வேண்டும். பின்னால் வந்த குறைக்கும் பணிக்கும் தொடர்பில்லை என்றால் அதை நிரூபிக்கும் பொறுப்பு அரசுடையது. மருத்துவ போர்டு தன் முடிவுக்குக் காரணம் எழுத வேண்டும். அந்த வழக்கு வலிப்பு நோய் தொடர்பானது. இருந்தாலும் கால் கோரிக்கைகளுக்கு அது இன்னும் நன்றாகவே பொருந்தும் என்பது என் எண்ணம். ஆளெடுப்பின்போது தட்டைப் பாதம் இருக்கிறதா, நிற்கும்போது முழங்கால்கள் ஒன்றோடொன்று முட்டுகின்றனவா என்று பார்த்துத்தானே எடுக்கிறார்கள்? அந்தச் சோதனையில் தேறியவரின் காலைப் பற்றி, 20 ஆண்டுகள் கழித்து இது இவருடைய உடல்வாகு என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாது.

முதல் மேல்முறையீட்டில் முழங்கால், பணியால் மோசமானது என்று ஏற்கப்பட்டது. மறுப்புக் கடிதம் கிடைத்த ஆறு மாதத்துக்குள் அந்த மேல்முறையீட்டைச் செய்துவிட வேண்டும். அதுவும் தோற்றால் இரண்டாவது மேல்முறையீடு, அதற்குப் பிறகே ஆயுதப்படைத் தீர்ப்பாயம் என்பது வரிசை. எங்களிடம் இருந்த கெடுவை அலுவலகம் தானாகவே குறித்து வைத்துக்கொண்டு நினைவூட்டியது. தாமதிப்பவர்கள் இழப்பது சிறிய தொகை அல்ல. பல ஆண்டுகள் கழித்து வழக்குப் போட்ட தர்சேம் சிங்குக்கு, வழக்குத் தொடர்ந்த நாளுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்குத்தான் நிலுவைத் தொகை என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பணக் கணக்கை அவர்கள் விளக்கியது எனக்குப் பிடித்திருந்தது. நூறு சதவீத இயலாமைக்கு, கடைசியாக வாங்கிய கணக்கில் கொள்ளத்தக்க ஊதியத்தில் 30 சதவீதம். அந்தக் கணக்கில் 20 சதவீதத்துக்கு 6 சதவீதம். ஊதியம் 50,000 ரூபாய் என்றால் மாதம் 3,000 ரூபாயும் அதன் மீது அகவிலை நிவாரணமும் வரும். ஆனால் பிராட் பேண்டிங் என்று ஒன்று உண்டு. 50-க்குக் கீழே உள்ளதை 50 ஆகவும், 50 முதல் 75 வரை உள்ளதை 75 ஆகவும், அதற்கு மேற்பட்டதை 100 ஆகவும் உயர்த்துவது. பணிக்காலம் முடிந்து வெளியேறியவர்களுக்கும் இது பொருந்தும் என்று 2014 டிசம்பர் 10-ஆம் தேதி ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 20 என்பது 50 ஆனால் 3,000 ரூபாய் 7,500 ரூபாய் ஆகும். அப்பாவுக்கு வந்த உத்தரவில் 20 என்றே இருக்கிறது. 50 ஆக உயர்த்தக் கோரித் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். போலி நம்பிக்கை கொடுக்காமல் பேசியதற்கு அவர்களைப் பாராட்ட வேண்டும்.

குதிகால் விஷயத்தில்தான் எனக்கு மனக்குறை. முழங்காலுக்குப் பல பக்கங்கள் எழுதியவர்கள் பாதத்துக்கு இரண்டு வரி எழுதினார்கள். 5 சதவீதத்தை வைத்துக்கொண்டு தனியாகப் போராட முடியாது என்பது உண்மை. ஆனால் ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடுகள் இருக்கும்போது, அவை சேர்ந்து ஒருவரின் செயல்திறனை எவ்வளவு குறைக்கின்றன என்று கூட்டு மதிப்பீடு செய்வது போர்டின் கடமை. அது வெறும் கூட்டல் கணக்கும் அல்ல. அப்பா காலையில் கட்டிலிலிருந்து இறங்கியதும் இடது காலை நீட்டியபடி வைத்து, உடம்பின் பாரம் முழுவதையும் வலது குதிகாலில் இறக்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். முதல் சில அடிகள் வைப்பதற்குள் முகம் வியர்த்துவிடும். இடது முழங்கால் கெட்டு எட்டு ஆண்டுகளுக்குப் பிறகுதான் வலது குதிகால் வலி மருத்துவப் பதிவில் முதன்முதலாக வருகிறது. ஒரு காலைக் காப்பாற்றப்போய் இன்னொரு கால் தேய்ந்தது என்னும் வாதத்தை, ஒரு எலும்பு மூட்டு மருத்துவரின் கருத்தோடு வைத்திருக்கலாம். கேட்டபோது, பாதக் கோரிக்கைகள் பொதுவாக நிற்பதில்லை என்று வழக்கறிஞர் சொல்லிவிட்டார். நீண்ட நடையாலும் ஓட்டத்தாலும் பாத எலும்பில் ஏற்படும் மார்ச் ஃபிராக்சர், ஆண்டுக்கணக்கில் கனத்த பூட்ஸ் அணிந்து நின்றதால் வரும் குதிகால் வலி, பி.பி.இ.டி. என்னும் உடல்திறன் தேர்வின் 5 கிலோமீட்டர் ஓட்டத்தில் தொடங்கிய வீக்கம் என்று பாதம்தான் ராணுவ வாழ்க்கையில் அதிகம் அடிபடும் உறுப்பு. அதை இவ்வளவு எளிதாகக் கைவிடுபவர்களிடம், பாதத்துக்காக மட்டும் போகிறவர்கள் யோசித்துப் போக வேண்டும்.

கட்டணத்தைப் பொறுத்தவரை முதல் மேல்முறையீட்டுக்கு ஒரே தொகை பேசி, ரசீதும் கொடுத்தார்கள். தீர்ப்பாயக் கட்டம் வந்தபோது மட்டும், நிலுவைத் தொகையில் ஒரு பங்கு தரும்படி அலுவலகத்தின் இளைய வழக்கறிஞர் கேட்டார். வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதையும், வரும் தொகையில் பங்கு கொள்வதையும் இந்திய பார் கவுன்சில் விதிகள் வழக்கறிஞர்களுக்குத் தடை செய்கின்றன. நான் அதைச் சுட்டிக்காட்டியதும், வாக்குவாதம் இல்லாமல் நிலையான கட்டணத்துக்கு ஒப்புக்கொண்டார்கள். சுட்டிக்காட்டத் தெரியாத குடும்பங்களிடம் என்ன நடக்கிறது என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. உடம்பைக் கொடுத்து ஈட்டிய பணத்தில் யாரும் பங்கு கேட்கக் கூடாது. போகிறவர்கள் கட்டணத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மனு முழுவதும் ஆங்கிலத்தில் இருக்கும். கையெழுத்துப் போடும் முன் தமிழில் படித்துச் சொல்லும்படி கேட்டோம். சுபேதார் வரிக்கு வரி சொன்னார், அதில் லடாக் பணியின் ஒரு தேதியை அப்பா திருத்தினார். ஆகவே அதைக் கேட்டுப் பெறுவது அவசியம். அலுவலகம் இரண்டாவது மாடியில், செங்குத்தான படிகளுக்கு மேலே இருக்கிறது, லிஃப்ட் கிடையாது. முழங்கால் வலிக்காரர்கள் தினமும் வந்துபோகும் இடம் அப்படி இருக்கக் கூடாது. தொலைபேசியில் சொன்னால் சுபேதாரே கீழே இறங்கி வந்து டீக்கடையில் உட்கார்ந்து காகிதங்களைப் பார்க்கிறார்.

இலவசமாகக் கிடைக்கும் உதவியைப் பற்றி இந்த அலுவலகம் தானாக எதுவும் சொல்வதில்லை, அதனால் நான் சொல்கிறேன். முன்னாள் படைவீரர்களுக்கான மாநில அரசின் சைனிக் நலத் துறை அலுவலகங்களில் மேல்முறையீட்டு மனுவுக்கு வழிகாட்டுகிறார்கள். 2025 ஜூலையில் தேசிய சட்டப் பணிகள் ஆணையம் தொடங்கிய வீர் பரிவார் சகாயதா யோஜனா என்னும் திட்டத்தின் கீழ், சைனிக் போர்டுகளில் இலவசச் சட்ட உதவி மையங்களும் வருகின்றன. காய அறிக்கையும் மற்ற தாள்களும் பத்திரமாக உள்ள நேரடியான கோரிக்கைகளுக்கு அங்கே போவதே போதும். அப்பாவுடையதைப் போல, தாள் ஒன்று இல்லாமல் வேறு தாள்களிலிருந்து காரணத்தைத் திரட்ட வேண்டிய கோரிக்கைகளுக்கு அல்சூர் சுபேதாரின் அனுபவம் தனித்து உதவுகிறது. 2023 செப்டம்பர் 21-க்குப் பிறகு வெளியேறியவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அன்றிலிருந்து இயலாமைத் தொகை பெறுவதற்கான புதிய தகுதி விதிகள் நடப்பில் இருக்கின்றன. பணிக்காலம் முடிந்து குறைந்த மருத்துவத் தகுதியோடு வெளியேறுபவர்களுக்கான தொகைக்கு அவற்றில் இம்பேர்மென்ட் ரிலீஃப் என்று பெயர். எனக்குக் காட்டிய மாதிரி மனுக்கள் எல்லாம் பழைய விதிகளை வைத்து எழுதப்பட்டவை. புதிய விதிகளின் கீழ் எத்தனை கோரிக்கைகளை நடத்தியிருக்கிறார்கள் என்று நேராகவே கேட்டுவிடுங்கள்.

அப்பாவின் பிராட் பேண்டிங் மனு இப்போது தீர்ப்பாயத்தின் கொச்சி அமர்வில் இருக்கிறது. பெங்களூருவில் நிரந்தர அமர்வு கிடையாது, கர்நாடகம் கொச்சியின் எல்லைக்குள் வருகிறது. ஓய்வு பெற்றவர்கள் தாம் வழக்கமாகக் குடியிருக்கும் இடத்தை வைத்து மனுச் செய்யலாம் என்பதால், அத்திப்பள்ளி தாண்டி ஓசூரில் இருப்பவர்களுக்குச் சென்னை அமர்வு. வாடகை தாங்காமல் ஓசூர் பக்கம் வீடு மாற்ற நினைக்கும் குடும்பங்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. அவர்கள் ராணுவ ஓய்வூதியத்துக்கான ஸ்பர்ஷ் இணையதளத்திலும் ஆதாரிலும் முகவரியை மாற்றிய பிறகு மனுப் போடுவதா, அதற்கு முன்பே போடுவதா என்பதை வழக்கறிஞரோடு பேசி முடிவு செய்துகொள்வது நல்லது. தீர்ப்பாயத்தில் வழக்கறிஞர் இல்லாமல் தானே வாதாடவும் சட்டம் இடம் கொடுக்கிறது. கொச்சி விசாரணைக்கு யார் போவார்கள், பயணச் செலவு யாருடையது என்பதையும் இந்த அலுவலகத்திடம் முன்கூட்டியே கேட்டு, கட்டண ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள்; நாங்கள் கேட்டபோது தயங்காமல் எழுதிக் கொடுத்தார்கள்.